வீட்டிலேயே பிரஷரைச் சரியாகப் பார்ப்பது எப்படி: ஒரு கிழமை, ஒரு கொப்பி

முப்பது வயதைத் தாண்டிய மூன்று பேரில் ஒருவருக்குப் பிரஷர். இது உலகக் கணக்கு. 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் சுமார் 140 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாக 2024க்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. 1990இல் இது 65 கோடி அளவில்தான் இருந்தது. பணக்கார நாட்டு வருத்தம், ஏசி அறையில் இருப்பவர்களின் வருத்தம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள், ஆனால் இந்த ஆட்களில் மூன்றில் இரண்டு பங்கு நம்மைப் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள்.

என்னை உலுக்கியவை வேறு இரண்டு எண்கள். அந்த 140 கோடியில் ஏறத்தாழ 60 கோடிப் பேருக்குத் தங்களுக்குப் பிரஷர் இருப்பதே தெரியாது. மருந்தோ பழக்கமோ, எதையாவது செய்து அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 23 சதவீதம். நாலு பேரில் ஒருவர்கூட இல்லை.

ஏன் தெரியாமல் போகிறது என்றால், பிரஷர் ஒன்றும் சொல்லாது. தலையிடித்தால் பிரஷர், பிடரி இழுத்தால் பிரஷர் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, பெரும்பாலானோருக்கு அப்படி எதுவும் வராது. என் மாமியிடம் கேட்டால் "எனக்கு ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை, நேற்றும் கோணேசர் கோயிலுக்கு ஏறி இறங்கி வந்தனான்" என்பார். ஏறி இறங்கியது உண்மைதான். ஆனால் கோயில் மலை ஏறக்கூடிய உடம்புக்குள்ளும் பிரஷர் வருசக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகப் பழுதாகவோ வெளியே வரும். அளந்து பார்த்தால்தான் தெரியும், வேறு வழி இல்லை.

சரி, கிளினிக்கில் அளக்கிறார்கள்தானே என்று கேட்கலாம். அளக்கிறார்கள். ஆனால் அந்தக் காலையை யோசித்துப் பாருங்கள்: மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ விடியமுன் பஸ் பிடித்து, கிளினிக் கொப்பியைச் சொப்பின் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, நம்பர் எடுக்க வரிசையில் நின்று, மூத்திரம் வந்தாலும் இடம் போய்விடும் என்று அடக்கிக்கொண்டு, பெயர் கூப்பிட்டதும் எழும்பி அவசரமாக உள்ளே போய் இருந்த அந்த நிமிசத்தில் கையில் பட்டியைச் சுற்றினால் எண் ஏறாமல் என்ன செய்யும். நேர்ஸ்மாரில் பிழை இல்லை, அவர்களுக்கு முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள். டொக்டரைக் கண்டாலே பிரஷர் ஏறும் ஆட்கள் உண்டு, அதை வெள்ளை அங்கிப் பிரஷர் என்கிறார்கள். மறுபுறம் கிளினிக்கில் சாதாரணமாகக் காட்டி, வீட்டில் வேலை, கடன், பிள்ளைகள் என்று ஓடும்போது கூடுகிற ஆட்களும் உண்டு. இவர்கள்தான் கண்ணில் படாமல் தப்பிப் போகிறவர்கள். இரண்டு வகையினருக்கும் பதில் வீட்டிலேயே ஒரு கிழமை ஒழுங்காக அளந்து எழுதிக்கொண்டு போவது. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

மிஷின்

மேற்கையில் சுற்றுகிற ஓட்டோமற்றிக் மிஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கை கொஞ்சம் ஏறி இறங்கினாலே எண் மாறிவிடும். விரலில் மாட்டுவது வேண்டவே வேண்டாம். கைக்கடிகாரம் காட்டுகிற பிரஷரை நம்பி மருந்தைக் கூட்டுவது குறைப்பது எதையும் செய்யாதீர்கள். வாங்கமுன் அந்த மொடல் முறையாகப் பரிசோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஸ்ட்ரைட் பிபி என்ற சர்வதேச அமைப்பு அப்படிப்பட்ட மிஷின்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, மொடல் நம்பரைப் போனில் தட்டினால் போதும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் யாராவது ஊருக்கு வரும்போது என்ன கொண்டுவர என்று கேட்டால், சொக்லேட்டுக்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள், மொடல் நம்பரோடு.

மிஷினைவிட முக்கியம் கையில் சுற்றுகிற பட்டியின் அளவு. இதை யாரும் கவனிப்பதில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் டேப்பால் கையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பல மிஷின்களோடு வருகிற பட்டி 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரையான கைக்குத்தான். 35 சென்ரிமீற்றர் கைக்கு அதை இழுத்துப் பிடித்துச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். கொஞ்சம் பருத்த கை என்றால் 22 முதல் 42 வரை போகும் பட்டியைக் கேட்டு வாங்குங்கள். மெலிந்த வயதானவரின் கையில் பெரிய பட்டியைச் சுற்றினால் இருக்கிற பிரஷரைக் குறைத்துக் காட்டும், அது இன்னும் ஆபத்து.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று வாங்க முடியாது என்பது தெரியும். ஒரு ஒழுங்கைக்கு ஒன்று போதும். நாலு வீடு சேர்ந்து வாங்கி, ஆளுக்கொரு கிழமை என்று மாற்றிக்கொள்ளலாம்.

அளக்கமுன் அரை மணித்தியாலம்

தேத்தண்ணி, கோப்பி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை எதுவும் அந்த அரை மணித்தியாலத்தில் வேண்டாம். கிணற்றில் தண்ணீர் அள்ளிவிட்டோ, முற்றம் கூட்டிவிட்டோ, சந்தையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்த கையோடோ அளக்க வேண்டாம். மூத்திரம் போய்விட்டு வாருங்கள். நிறைந்த மூத்திரப்பை மேல் எண்ணை (140/90 என்றால் அந்த 140, கீழ் எண் 90) பத்துப் பதினைந்து கூட்டிவிடும். பிறகு ஐந்து நிமிசம் சும்மா இருக்க வேண்டும். சும்மா என்றால் சும்மா: போன் இல்லை, ரீவி நாடகம் இல்லை, பக்கத்து வீட்டுக் கதை இல்லை.

அந்த ஐந்து நிமிசம்தான் எல்லோரும் தாண்டிப் போகிற இடம். ஐந்து நிமிசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஒருதரம் வந்து இருந்த உடனே அளந்து, பிறகு ஐந்து நிமிசம் இருந்துவிட்டு அளந்து பாருங்கள், இரண்டு எண்ணும் உங்கள் கண்முன்னாலேயே வித்தியாசமாக இருக்கும்.

இருக்கும் விதம்

முதுகு சாய்கிற கதிரை. ஸ்டூல் வேண்டாம், கட்டில் நுனி வேண்டாம், விறாந்தைத் திண்ணை வேண்டாம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டாலே எல்லாம் சரியாக வந்துவிடும். இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பட வேண்டும். குள்ளமான ஆச்சிமாருக்குக் கால் எட்டாவிட்டால் ஒரு பலகையோ பழைய பேப்பர்க் கட்டோ கீழே வையுங்கள். கால்மேல் கால் போடக் கூடாது, அதுவே எட்டு வரைக்கும் கூட்டும்.

கை. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டி சுற்றிய இடம் நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும், கையின் பாரம் மேசையில் இருக்க வேண்டும். மேசை பதிவாக இருந்தால் ஒரு தலையணையை மடித்துக் கைக்குக் கீழே வையுங்கள். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2024இல் இதை மட்டும் தனியாக ஆராய்ந்தார்கள்: கையை மடியில் வைத்தால் மேல் எண் கிட்டத்தட்ட 4 கூடுகிறது, பக்கத்தில் தொங்கவிட்டால் ஆறு ஏழு கூடுகிறது. 134 இருக்கிற ஆளை 141 ஆக்கிவிட இது காணும். அந்த 141க்கு ஒரு குளிசை எழுதப்பட்டு, அந்த ஆள் அதைக் காலத்துக்கும் போட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

சட்டைக்கு மேலே பட்டி சுற்றக் கூடாது. சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினாலும், அது தோளடியில் இறுக்கிப் பிடித்தால் கூடாதுதான். மாமிக்கு அளக்கும்போது இது பெரிய பாடு. சேலைச் சட்டையின் கை முழங்கைக்குச் சற்று மேலே வரைக்கும் இறுக்கமாகத் தைத்திருக்கும், அதை மேலே தள்ளினால் சதையில் சுருக்குப் போட்ட மாதிரி வளையம் விழும். "பரவாயில்லை, அதுக்கு மேலயே கட்டு பிள்ளை" என்று அவசரப்படுத்துவார். நான் விடுவதில்லை, தளர்ந்த ஹவுஸ்கோட்டை மாற்றிக்கொண்டு வரச் சொல்வேன், இப்போது அளக்கிற நேரத்துக்கு அவரே அதைப் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் இருக்கிறார். அபாயா, முழுக்கைச் சட்டை போடுபவர்களுக்கும் இதே கதைதான், வீட்டுக்குள் அளப்பதில் இந்த ஒரு வசதி இருக்கிறது.

பட்டியின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. குழாய் உள்ளங்கைப் பக்கமாக, கையின் நடுவால் வர வேண்டும். பட்டிக்குள் ஒன்றிரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் காணும். பட்டனை அழுத்திய பிறகு கதைக்கக் கூடாது, பக்கத்தில் நிற்பவரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கதைத்தால் பத்து வரைக்கும் ஏறும். "எவ்வளவு காட்டுது, எவ்வளவு காட்டுது" என்று பேரப்பிள்ளை எட்டிப் பார்த்தால் அவரையும் அந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் அளந்து, எதில் கூட இருக்கிறதோ அந்தக் கையையே பிறகு எப்போதும் பாவியுங்கள். இரண்டு கைக்கும் பதினைந்துக்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இரத்தக் குழாய் ஒன்று ஒடுங்கியிருக்கலாம்.

ஏழு நாள்

காலையில் எழும்பி மூத்திரம் போய்விட்டு, சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் முன்னால் இரண்டு தரம், ஒரு நிமிச இடைவெளியில். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அல்லது படுக்கமுன் இன்னும் இரண்டு தரம். இப்படி ஏழு நாள். மேல் எண், கீழ் எண், நாடித் துடிப்பு மூன்றையும் திகதி, நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள். மனதில் வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். 152 வந்தால் "இது பிழையாக இருக்கும்" என்று விட்டுவிட்டு 138ஐ மட்டும் எழுதுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது, அப்படிச் செய்தால் இந்த ஒரு கிழமைப் பாடும் வீண். வந்ததை வந்தபடி எழுதுங்கள்.

முதல் நாள் எண்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம், புது மிஷினைக் கண்ட பதற்றம் அதில் இருக்கும். மிச்ச ஆறு நாளின் மேல் எண்களைக் கூட்டி 24ஆல் பிரியுங்கள், கீழ் எண்களையும் அப்படியே. போனில் கல்குலேட்டர் இருக்கிறது, ஓ.எல். படிக்கிற பிள்ளை இருந்தால் இரண்டு நிமிச வேலை.

வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அது உயர் இரத்த அழுத்தம். கிளினிக்கில் இதற்கான எல்லை 140/90. வீட்டில் ஆள் அமைதியாக இருப்பதால் எல்லையும் ஐந்து குறைவு. மேல் எண் மட்டும் கூடி, கீழ் எண் சரியாக இருந்தாலும் அது பிரஷர்தான், வயது போனவர்களுக்கு இப்படித்தான் அதிகம் வருகிறது. "கீழது 76 தானே, பயமில்லை" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் 2017இல் இருந்து 130/80ஐயே எல்லையாக வைத்திருக்கிறார்கள், ஆகவே 130க்கும் 135க்கும் இடையில் நிற்கிறவர்கள் நிம்மதியாகக் கொப்பியை மூடிவிடாமல் உப்பையும் உடம்பு எடையையும் பார்க்கத் தொடங்குவது நல்லது.

நாடித் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த மிஷின்கள் சரியாகக் காட்டாது. இதய அடையாளம் மினுக்கி மினுக்கிக் காட்டினால், அதுவும் பல நாள் காட்டினால், எண்ணை விட்டுவிட்டு அந்தச் செய்தியையே டொக்டரிடம் கொண்டு போங்கள்.

கர்ப்பிணிகள் ஏழு நாள் காத்திருக்கக் கூடாது. 140/90 வந்தால், அதோடு தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ, முகம் கை வீக்கம் என்று எது சேர்ந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிட்வைப் வரும் நாள் வரட்டும் என்று பார்க்க வேண்டாம்.

பயப்படுத்தும் எண் வந்தால்

180/120 என்று வந்துவிட்டது, என்ன செய்வது? முதலில் உடம்பைக் கவனியுங்கள். நெஞ்சு நோ, மூச்சு முட்டு, முகம் ஒரு பக்கம் இழுப்பது, கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது, பார்வை மறைவது, இதில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிசமே 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலங்கை முழுக்க இலவசமாக வருகிறது. எலுமிச்சம்பழத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, உள்ளங்காலைத் தேய்த்து நேரத்தைப் போக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையில் ஒன்றை எடுத்து நாக்கின் கீழ் வைப்பதும் கூடாது. பிரஷர் சடாரென்று இறங்கினால் மூளைக்குப் போகிற இரத்தமும் குறைந்துவிடும்.

உடம்பில் ஒன்றும் இல்லை, எண் மட்டும்தான் என்றால், ஐந்து நிமிசம் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் அன்றைக்கே டொக்டரைப் பாருங்கள்.

கொப்பியோடு கிளினிக்குக்கு

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கான பார்வையும் மருந்தும் இலவசம். உங்களுக்கு 35 வயது தாண்டியிருந்தால், வருத்தம் ஒன்றும் இல்லாவிட்டாலும், பக்கத்தில் இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் பிரஷர், சீனி எல்லாம் பார்க்கலாம். அங்கே ஆண்கள் போவது குறைவு. கடலுக்குப் போகிறவர், ஓட்டோ ஓடுகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் எல்லோரும் ஒருநாள் சம்பளம் போய்விடும் என்று பின்போடுகிறார்கள், அது நியாயமான கவலைதான், அதனால்தான் வீட்டில் அளப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்: கடலுக்குப் போகாத நாட்களாகப் பார்த்து ஒரு கிழமை அளந்துவிட்டு, தேவை இருந்தால் ஒருநாளை ஒதுக்கலாம்.

டொக்டரிடம் கொப்பியின் சராசரியை முதல் வசனமாகச் சொல்லுங்கள். "வீட்டில் ஒரு கிழமை அளந்தேன், சராசரி 148க்கு 88" என்றால் இரண்டு நிமிசப் பார்வையில் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். நோவுக்கு டைக்ளோபெனாக் மாதிரிக் குளிசைகளைத் தொடர்ந்து போடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அவை பிரஷரை ஏற்றும். மூட்டு நோவுக்குப் பார்மசியில் கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் இதை யாரிடமும் சொல்வதே இல்லை.

குளிசை தொடங்கி எண் சரியானதும், "இப்ப நோர்மல்தானே" என்று நிறுத்திவிடுவதுதான் நம்மவர்கள் செய்கிற பெரிய பிழை. நோர்மலாக இருப்பதே குளிசை போடுவதால்தான். அம்லோடிபின் போட்டுக் கணுக்கால் வீங்கினால், எனலாப்ரில் போட்டு வறட்டு இருமல் வந்தால், நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள், மாற்றித் தர வேறு மருந்து இருக்கிறது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், வியர்த்து ஊற்றும்போது, சிலருக்குப் பிரஷர் இறங்கி எழும்பும்போது தலை சுற்றும், அதுவும் மூத்திரம் போகச் செய்கிற குளிசை போடுகிறவர்களுக்கு. இருந்து அளந்த பிறகு, எழும்பி நின்று ஒரு நிமிசம் கழித்தும் அளந்து கொப்பியில் எழுதி, அதைக் காட்டி அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு பிடிக்கிறவர்கள் நோன்பு மாதம் தொடங்கமுன்னே போய், குளிசையை சஹருக்கா நோன்பு துறந்த பிறகா எடுப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு

ஒருவருக்கு ஒருநாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், மட்டமாக ஒரு தேக்கரண்டி. உலகச் சராசரி அதைப்போல இரண்டு மடங்கு. கறிக்குப் போடுகிற உப்பை மட்டும் குறைத்துவிட்டு நாங்கள் உப்புக் குறைத்தாகிவிட்டது என்று நினைக்கிறோம். கருவாடு, மாசிச் சம்பல், ஊறுகாய், அப்பளம், பாண், நூடில்ஸ் பக்கெற்றுக்குள் இருக்கும் தூள், சோற்றுக்குப் போடுகிற உப்பு, எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். கடற்கரையில் இருந்துகொண்டு கருவாட்டை விடு என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனமில்லை. பச்சை மீன் கிடைக்கிற நாளில் பச்சை மீனைச் சமையுங்கள், கருவாடு சமைக்கிற நாளில் அதைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு இன்னொரு தரம் கழுவி, கறிக்குத் தனியாக உப்புப் போடாமல் புளியையும் மிளகையும் தேசிக்காயையும் கூட்டுங்கள். சில கிழமைகளில் நாக்கு பழகிவிடும். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் கண்டால், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம், அதில் பொற்றாசியம் இருக்கும்.

முதல் கிழமை முடிந்து எல்லாம் சரியாக இருந்தால் தினமும் அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை, வருசத்துக்கு ஒருதரம் அளந்தால் போதும். மருந்து புதிதாகத் தொடங்கினவர்களும் மாற்றினவர்களும் அடுத்த கிளினிக்குக்கு முந்தின ஒரு கிழமையை மறுபடி இதே மாதிரி அளந்து எழுதுங்கள். வருசத்துக்கு ஒருதரம் மிஷினையும் கூடவே கொண்டு போய், நேர்ஸ் அளக்கும் அதே கையில், அதே கதிரையில் இருந்து உங்கள் மிஷினாலும் அளந்து ஒப்பிடுங்கள். பத்துக்கு மேல் வித்தியாசம் நின்றால் பற்றரியை மாற்றிப் பாருங்கள், அதற்கும் சரிவராவிட்டால் பட்டி கசிகிறதா என்று பார்த்துப் புதுப் பட்டி வாங்குங்கள்.